வெந்நீரில் போட்டெடுத்த கிழங்கு

செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். அந்த மனிதர் உயிரோடிருந்தபோது கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள் நான். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் கட்டிவைப்பது?

சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் அவர். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், அவர் வீட்டின் பின்பகுதிக்கு நானும் என் கணவரும் குடிவந்தோம். என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. நான் தெருமுனையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். முன்பகுதியில் மாஸ்டரும் அவருடைய ஒரே மகளும் இருந்தார்கள். பாப்பா, பாப்பா என்று அவர் கூப்பிட்டதால் எங்களுக்கும் அவள் பாப்பாதான். அவளுடைய அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

வாசல் கேட்டிலிருந்து பின்னால் குளிக்கிற பொடக்காளி வரைக்கும் எங்கே கால் வைத்தாலும் செடி. ரோஜா, மல்லிகையெல்லாம் அவருக்குச் செடியிலேயே சேர்த்தி இல்லை. கிழங்கிலிருந்து வர வேண்டும். அதுவும் ஊரில் வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. இமயமலைப் பக்கம் கலிம்போங்கிலிருந்து மரத்தூள் நிரப்பிய பெட்டியில் தபாலில் வரவழைப்பார். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட அமரில்லிஸ், கொடியாக ஏறும் செங்காந்தளில் மஞ்சளாகவே பூக்கும் ஒரு வகை, நரம்பெல்லாம் ரோஜா நிறத்தில் ஓடும் கலேடியம் என்று சித்திரை, வைகாசி வெயிலில் ஊரே வதங்கிக் கிடக்கும்போது அவர் வீடு மட்டும் கல்யாண வீடாக இருக்கும். கருஞ்சிவப்பில் ஒன்று இருந்தது. பூத்தால் தெருவே மூக்கைப் பொத்தும். செத்த எலி நாற்றம். அதையும் வருகிறவர்களிடம் மோந்து பார்க்கச் சொல்லிப் பெருமையாக நிற்பார்.

அழகுதான். அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. என் கோபம் பூவின் மேல் இல்லை.

குடிவந்த முதல் மார்கழியில் பின்பக்கக் குப்பைக்குழியில் பெரிய வெங்காயம் போலக் கிழங்குகள் குவிந்து கிடந்தன. ஐயோ, இத்தனையையும் வீணாகப் போட்டுவிட்டாரே என்று இரண்டை எடுத்துப் பழைய பெயின்ட் டப்பாவில் மண் போட்டு நட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். முளை வரவில்லை, புழு வந்தது. ஒருநாள் மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தவர் டப்பாவைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"அது வராதுங்க அம்மணி. வெந்நீர்ல போட்டெடுத்துத்தானுங்க குப்பைக்குப் போடுவேன்."

"ஏனுங்க மாஸ்டர், அப்படி?"

"வேற யாராச்சும் எடுத்து வெச்சிருவாங்கல்லங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே, "காப்பி குடிச்சீங்களா?" என்று விசாரித்தார்.

அப்புறம் ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். குளிர்காலத்தில் இலையெல்லாம் காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்போது தோண்டி எடுப்பார். தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிகள் விட்டிருக்கும். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாளியில் சேர்ப்பார். குளிக்க வெந்நீர் காய்கிற அண்டா தளதளவென்று கொதிக்கும்வரை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, வாளியை அதில் கவிழ்ப்பார். பலகாரம் அரிக்கிற ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்துக் குழியில் கொட்டுவார். மிஞ்சிய சோற்றைத் தெருநாய்க்குப் போடுகிற மனசுகூட அதில் கிடையாது. அந்த அண்டா இருந்தது என் சமையல் ஜன்னலுக்கு நேரே. கிழங்கு வேகும் அந்தப் பச்சை நாற்றம் மூக்கில் ஏறினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

"ஒருத்தர்கிட்ட இருந்தாத்தானுங்க அது பூ. ஊரெல்லாம் இருந்தா அது கீரைங்க" என்பார். இதுதான் அவருடைய வேதம்.

ஒருமுறை பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வந்திருந்தார். வயதான அம்மா. பள்ளிக்கூட வாசலில் வைக்க ஒரே ஒரு குட்டிக்கிழங்கு வேண்டும் என்று கேட்டார். மாஸ்டர் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, முறுக்கு கொடுத்து, போகும்போது கொல்லையில் வெட்டிய பூவன் தாரில் பாதியை அறுத்துக் கொடுத்தார். கிழங்கு மட்டும் கொடுக்கவில்லை. "இந்த வருசம் குட்டியே உடலீங்க டீச்சர்" என்று கைகூப்பினார். அந்த நிமிஷம் பின்னால் அண்டாவில் குட்டிகள் வெந்துகொண்டிருந்தன. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரண்டியைப் பிடுங்கி அந்தாள் மண்டையிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது.

சரியான கஞ்சப்பயல் என்றால் அதோடு விட்டிருப்பேன். அப்படியும் இல்லை, அதுதான் கொடுமை. என் கணவருக்குப் பட்டறையில் விரல் சிக்கியபோது தகவல் வந்ததும் தன் பழைய ஃபியட்டை எடுத்துக்கொண்டு போய் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மாஸ்டர்தான். நான் போய்ச் சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் தோய்ந்த துணியை மடியில் வைத்திருந்தார். அந்த மாதம் முழுக்க பாப்பா கையில் எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பினார். வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எது கேட்டாலும் கேட்டதற்கு மேல் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதரை வாய் நிறையத் திட்டவும் முடியாமல், திட்டாமல் இருக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவரிடம் இருந்ததிலேயே பேர்போனது ஒரு பந்து லில்லி. அந்தச் செடியை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் வெறும் மண்ணிலிருந்து ஒரு தண்டு கிளம்பும். அதன் உச்சியில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் சேர்ந்து ஒரு பந்தாக விரியும். வருடத்துக்கு ஒரு தடவைதான். மற்ற வீடுகளில் அது ரத்தச் சிவப்பாக இருக்கும். இவரிடம் இருந்தது இளம் ரோஜா நிறம், விடிகாலையில் பார்த்தால் வெள்ளை போலவே தெரியும். பூக்காட்சிக்கு அதில் ஒன்றைத் தொட்டியோடு கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு நாள் முழுக்கக் காவல் இருப்பார். சாப்பாடும் அங்கேயே. கோப்பைகள் ஷோகேஸில் வரிசையாக இருந்தன.

அந்தக் கிழங்கு அவர் வாங்கியதும் இல்லை, தேடிக் கண்டுபிடித்ததும் இல்லை. பாப்பாவின் அம்மா கல்யாணமாகி வரும்போது காரமடையில் தன் அம்மா வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. அந்த அம்மாவின் அப்பா குன்னூரில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தாராம், அங்கிருந்து வந்த வித்து. காரமடை வீடு கைமாறி, இடித்துக் கட்டியபோது அங்கே இருந்தவை மண்ணோடு போய்விட்டன. மிச்சம் இருந்தது மாஸ்டர் வீட்டில் மட்டும். கோப்பை வாங்கும்போது இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. பாப்பாதான் ஒருநாள் பூத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்.

பாப்பாவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டக்காரர் வீட்டில் மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் கல்யாணம். மாஸ்டர் செய்த சீர் இருக்கிறதே, குறை சொல்ல முடியாது. கட்டில், பீரோ, பித்தளை, எவர்சில்வர், மாப்பிள்ளைக்கு பைக் என்று முன்கூடமே நிறைந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் நானும் பாப்பாவும் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு கண்ணு. எதுன்னாலும் வாங்கிப்போடலாம்."

"வாங்க வேண்டாமுங்கப்பா. அம்மாவோட பந்து லில்லில ஒரே ஒரு கெழங்கு வேணுமுங்க. அங்க ஊட்டு முன்னால வெச்சுக்கறேன்."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும்.

"அது மட்டும் வேண்டாம் கண்ணு. வேற கேளு."

"அம்மா கொண்டுவந்ததுதானுங்களே."

"கொண்டுவந்தது உங்கம்மா. காப்பாத்துனது நானு."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். பாப்பா அழவில்லை. கையிலிருந்த குண்டாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள், ஒன்றின் மேல் ஒன்றாக. என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், "ஏனுங்க மாஸ்டர், பெத்த புள்ளைக்குக்கூடவா?" என்று கேட்டேன். "இன்னிக்குப் புள்ளைங்க. நாளைக்கு அவ நாத்தனாருங்க, நாளன்னிக்கு அவ ஒறம்பரை சனமுங்க. நாலு வருசத்துல கீரைங்க" என்று பதில் சொல்லிவிட்டு, சொட்டு நீர்க் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாப்பா மறுநாளிலிருந்து அவரோடு பேசவில்லை. சண்டை போடுகிற பெண் இல்லை அவள். சோறு போடுவாள், துணி மடிப்பாள், கேட்டதற்கு உம் என்பாள். தாயில்லாத பிள்ளை, வீட்டை விட்டுப் போகிற நேரத்தில் அப்படி வாய்மூடி நடமாடியதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாஸ்டர் இறங்கிவந்தார். "செரி கண்ணு, எடுத்துக்க. நானே நல்ல கெழங்காப் பார்த்துத் தொட்டியில வெச்சுத் தாரேன்" என்றார். பாப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், மாஸ்டரை என்னமோ நினைத்தேன், என்ன இருந்தாலும் பெற்ற அப்பா இல்லையா என்று சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலை. விடிந்து வெயில் வந்துவிட்டது. பாப்பாவை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வெந்நீர் எடுக்கப் பின்னால் போனேன். மாஸ்டர் அண்டாவுக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் ஜல்லிக்கரண்டி. கரண்டியில் ஒரே ஒரு கிழங்கு. பக்கத்தில் சிவப்புச் சாயம் பூசிய புதுத் தொட்டி, வாயில் ரிப்பன் கட்டி, மண் நிரப்பித் தயாராக இருந்தது.

"மாஸ்டர், என்னுங்க இது?" என்றேன்.

அவர் ஒளிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. கிழங்கைத் துண்டில் போட்டு ஒற்றி எடுத்தார். "அங்க மாட்டுக்காரங்க ஊடுங்க அம்மணி. கழனித்தண்ணி, சாணித்தண்ணி எதையாச்சும் ஊத்தி எப்படியும் அழுக வெச்சுருவாங்க. தானா அழுகறது இப்பவே அழுகட்டும்னுதானுங்க" என்றார். கிழங்கைத் தொட்டியில் வைத்து மண்ணைப் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தினார். பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி மெதுவாக அழுத்தினார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பாப்பாகிட்டச் சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. சொன்னா இன்னிக்கு அவ மனசு என்னாகறதுங்க" என்றார்.

எத்தனை தைரியம் பாருங்கள். என் வாயைக் கட்ட அவர் மகளையே கயிறாகப் பயன்படுத்துகிறார். உள்ளே அந்தப் பெண் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள். நான் என்ன செய்ய முடியும்? வெந்நீரை மொண்டுகொண்டு போனேன். குளிப்பாட்டும்போது பாப்பா, "அக்கா, அப்பா தொட்டியெல்லாம் சாயம் பூசி வெச்சிருக்காரு, பார்த்தீங்களா?" என்று சிரித்தாள். பார்த்தேன் கண்ணு என்றேன்.

கல்யாண வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகக் கூடாது, யாராவது ஒருவர் விளக்கேற்றிக் காவல் இருக்க வேண்டும். அது வழக்கம். மாஸ்டர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். "நீங்க இருந்தா எனக்கு வெசனமில்லைங்க. முகூர்த்தத்துக்குக் காத்தால வந்துருங்க" என்று சாவிக்கொத்தை நீட்டினார். இத்தனைக்கும் பிறகு என்னை நம்பினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரை எதிர்த்து இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்ற நம்பிக்கை. சாவியை வாங்கிக்கொண்டேன். வண்டிகள் போய்த் தெரு அடங்கியதும் கேட்டைத் தாழிட்டேன்.

பட்டப்பகலில்தான் செய்தேன். என் கணவர் பயந்துபோய், "வேண்டாம்டி, அவங்க குடும்பத்து விவகாரம்" என்றார். வாயை மூடிக்கொண்டு களைக்கொத்தை எடுத்துவாருங்கள் என்றேன். முதலில் தொட்டியில் இருந்ததைக் கிளறி எடுத்தேன். விரல் பட்டதும் தோல் வழுக்கிக் கழன்றது. வெந்த உருளைக்கிழங்குதான் அது. அழுகை வந்தது. அப்புறம் சுவரோரம் பந்து லில்லி இருந்த பாத்தியைத் தோண்டினேன். மேலே ஒரு இலைகூட இல்லாத வெறும் மண். உள்ளே கல்லைப்போல் கெட்டியாக, கழுத்தில் ஊதாப் புள்ளிகளோடு ஒரு கிழங்கு. அதைத் தொட்டியில் வைத்தேன். வெந்ததை அந்தப் பாத்திக் குழியில் போட்டு மூடி, மேலே காய்ந்த சருகைப் பழையபடி பரப்பினேன். திருட்டுத்தான். திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அதை சாமி சத்தியமாக நம்பினேன்.

மறுநாள் சீர் ஏற்றிய டெம்போவில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அந்தத் தொட்டி போனது. மாஸ்டரே இரண்டு கையாலும் தூக்கி மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்தார். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை என்ன கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாப்பா எனக்கு பூத்துக்கு போன் செய்வாள். மாசி முடிந்தது, பங்குனி வந்தது. "அக்கா, இன்னும் ஒண்ணையும் காணமுங்க. தண்ணி ஊத்தட்டுங்களா?" என்பாள். ஊற்றாதே கண்ணு, மழை விழட்டும் என்பேன். வேரை அறுத்துவிட்டேனோ, ஆழமாக வைத்துவிட்டேனோ, நான் வைத்ததும் வராமல்போனால் அந்தாள் சொன்னது சரியாகிவிடுமே என்று தூக்கம் கெட்டது. இந்தப் பக்கம் மாஸ்டர் தினமும் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பாப்பா போன் பண்ணுச்சுங்களா? கெழங்கு வந்துச்சான்னு ஏதும் சொல்லுச்சுங்களா?" என்று கேட்பார். இல்லீங்க என்பேன். "அப்பவே சொன்னனுங்க, அந்த மண்ணு ஆகாதுங்க" என்று வருத்தமாகத் தலையை ஆட்டுவார். உண்மையாகவே வருத்தப்படுவார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

சித்திரையில் நல்ல மழை ஒன்று விழுந்தது. அதையடுத்துப் பாப்பாவின் ஊரில் மாரியம்மன் நோம்பி. சம்பந்தி வீட்டில் எங்களையும் சேர்த்து விருந்துக்கு அழைத்திருந்தார்கள். மாஸ்டரின் ஃபியட்டில் போனோம். தோட்டத்துக்கு நடுவில் சாளை வீடு. வண்டியை நிறுத்துவதற்குள் பாப்பா ஓடிவந்தாள். என்னைக்கூட வாங்க என்று கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் அது நின்றது. இளம் ரோஜா நிறத்தில் முழுப் பந்து. மாஸ்டர் வீட்டில்கூட அத்தனை பெரிதாக நான் பார்த்ததில்லை.

மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். வேட்டி முனையைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. என்ன கேட்பார்? இது எப்படிப் பூத்தது என்று கேட்க அவருக்கு வாய் இருக்கிறதா? கேட்டால், ஏன் பூக்கக் கூடாது என்று பாப்பா கேட்பாளே.

"அம்மாவே வந்து நிக்கற மாதிரி இருக்குதுங்கப்பா" என்று சொல்லி அவர் காலில் விழுந்தாள். அவர் குனிந்து தலையைத் தொட்டு, "நல்லா இரு கண்ணு" என்றார். சம்பந்தியம்மா வந்த உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். "பீரோவும் கட்டலும் யாரு வேணுன்னாலும் குடுப்பாங்க. பொண்டாட்டி ஞாபகத்துக்கு வெச்சிருந்ததை எடுத்துப் புள்ளைக்குச் சீராக் குடுத்திருக்காருங்க. இந்தக் காலத்துல எவனுக்கு இந்த மனசு வரும்?" என்றார். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "இது குட்டி உட்டா எனக்கொண்ணு குடு அம்மணி" என்றாள். இன்னொருத்தி எனக்கும் என்றாள். "ஆகட்டுங்க, எல்லாத்துக்கும் தாரனுங்க. எங்கப்பா குடுத்தது, ஊரெல்லாம் இருக்கட்டுமுங்க" என்றாள் பாப்பா.

மாஸ்டர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் பந்திக்கு நகர்ந்ததும் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். ஒரு வார்த்தை வரட்டும், அத்தனை வருடத்துக்கும் சேர்த்துக் கொட்டிவிடலாம் என்று இருந்தேன்.

"எங்கிருந்துங்க எடுத்தீங்க?" என்றார்.

"சொவத்தோரத்துப் பாத்தியிலிருந்துங்க."

"அதுதானுங்க இருந்ததுலயே நல்ல கெழங்கு" என்றார். அவ்வளவுதான் கேட்டார். மகள் காலில் விழுந்து எழுந்த கண்ணீர் ஈரம் அவர் பாதத்தில் காய்ந்திருக்காது, அதற்குள் அவருக்குக் கிழங்குக் கணக்கு.

திரும்பும்போது திருச்சி ரோட்டில், வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்சீட்டில் இருந்த என் கணவரிடம் சொன்னார். "தம்பி, அடுத்த மாசம் ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. அவசரமில்லைங்க, நல்ல எடமாப் பார்த்துட்டே போங்க." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. புது வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது ஒரு தார் வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார்.

பாப்பா போனில் அழுதாள். "ஏனுங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? அப்பா ஒத்தையில இருக்காரு, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான நான் நிம்மதியா இருந்தேன்" என்றாள். எங்களுக்கு இடம் பற்றவில்லை கண்ணு என்று பொய் சொன்னேன். அவளுக்கு என் மேல் வருத்தம், ரொம்ப நாள் பேசவில்லை. நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவள் என்னிடம் வந்திருப்பாள், அப்பாவை இழந்திருப்பாள். தாயும் இல்லாத பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? மாஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் கடைசிவரை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாழ்ந்தார். அவர் போனபோது நானும் மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது தொண்டாமுத்தூர்ப் பக்கம் எத்தனையோ வாசலில் அந்த ரோஜாப் பந்து பூக்கிறது. அதற்கு அங்கே மாஸ்டர் பூ என்று பெயர். யாரைக் கேட்டாலும், தன் பிள்ளைக்குச் சீராகக் கொடுத்த மகராசன் கதையைச் சொல்வார்கள். காரமடையிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த அந்த அம்மாவின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும்.

அவர் போன அடுத்த தையில் பாப்பா என் வீட்டுக்கு வந்தாள். கோபமெல்லாம் தீர்ந்திருந்தது. பையிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய கிழங்கு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எல்லாத்துக்கும் குடுத்துட்டனுங்க்கா, உங்களுக்கு மட்டும் குடுக்கவேயில்லை. அப்பா இருந்திருந்தா அவரே உங்களுக்கு ஒண்ணு குடுத்திருப்பாருங்க" என்றாள்.

கிழங்கு கையில் கெட்டியாக இருந்தது. "ஆமா கண்ணு, குடுத்திருப்பாரு" என்றேன்.